சீட்டுக் கணக்கைப் பட்டியலாக மாற்றுவது

எங்கள் தெருச் சீட்டில் 20 பேர், 12 மாதம். எக்செல்லில் பெயர்கள் ஏ2 முதல் கீழே, மாதங்கள் பி1 முதல் எம்1 வரை. கண்ணுக்கு அழகுதான், ஆனால் வடிகட்டவோ பிவட் (தொகுப்பு அட்டவணை) போடவோ உதவாது. ஒரு வரிக்கு ஒரு தவணை என்று 240 வரிகள் வேண்டும்.

புதிய ஷீட்டில் 2ஆம் வரியில் ஆரம்பியுங்கள். வரி எண்ணில் 2 கழித்து 12ஆல் வகுத்தால், முழு எண்ணுடன் 1 கூட்டினால் ஆள். மீதியுடன் 1 கூட்டினால் மாதம். 15ஆம் வரியைப் பாருங்கள்: 13ஐ 12ஆல் வகுத்தால் 1, மீதி 1. அதாவது இரண்டாம் ஆள், இரண்டாம் மாதம். எக்செல் ஃபார்முலாக்களான ரோ (வரி எண்), இன்ட் (முழு எண்), மாட் (மீதி) மூன்றும் இதைச் செய்துவிடும். இரண்டு எண்களையும் தனித்தனிப் பத்தியில் வைத்துக்கொண்டால் தப்பு எங்கே என்று தெரியும்.

அப்புறம் இன்டெக்ஸ், அதாவது பழைய ஷீட்டிலிருந்து எண்ணுக்குரிய கட்டத்தை எடுத்துத் தரும் ஃபார்முலா: பெயருக்கு ஆள் எண், மாதத்துக்கு மாத எண், தொகைக்கு இரண்டும். வரம்புகளை எஃப்4 அழுத்தி டாலர் குறியால் பூட்டுங்கள். இல்லையென்றால் கீழே இழுக்கும்போது நழுவும்.

காலிக் கட்டத்தை இன்டெக்ஸ் 0 என்று காட்டும். இன்னும் வராத மாதத்தைப் பாக்கி என்று நினைத்து ஓர் அக்காவிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இஃப் போட்டு, அங்கே காலியென்றால் இங்கேயும் காலியாக விடுங்கள்.

வரிசைப்படுத்துமுன் மொத்தத்தையும் காப்பி செய்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். ஃபார்முலாவாகவே இருந்தால் எத்தனை முறை வரிசைப்படுத்தினாலும் பழைய வரிசைக்கே திரும்பும்.