எடைச்சீட்டு டேட்டாபேஸை சைபர்ஜெயாவிலும் சிங்கப்பூரிலும் வைப்பது எப்படி

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றின் எடைச்சீட்டுக் கணக்கைக் கணினியில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சிறுதோட்டக்காரர்களுக்கு மாதக் கடைசியில் எவ்வளவு பணம் என்பது அந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறது, தொலைந்தால் பல வீடுகளில் கஷ்டம். அதனால் சைபர்ஜெயாவில் ஓடும் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குச் சிங்கப்பூரில் ஒரு நகல் வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சர்வரிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், 13-க்குக் கீழே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) போட்டுவிடுங்கள், மற்ற விபிஎன்களை விட அமைப்பது எளிது.

முதலில், முதன்மைச் சர்வரான சைபர்ஜெயாவில் ரெப்ளிகேஷன் (நகலெடுக்கும்) உரிமையுள்ள பயனரை உருவாக்கி, யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பில் சிங்கப்பூர் ஐபிக்கு ஒரு வரி சேருங்கள். டேட்டாபேஸ் இடத்தில் 'ஆல்' போதாது, 'ரெப்ளிகேஷன்' என்றே எழுத வேண்டும்.

அடுத்து, சிங்கப்பூரில் போஸ்ட்கிரஸை நிறுத்தி, டேட்டா டைரக்டரியைக் காலிசெய்து, முதன்மையை முழுதாகப் பிரதியெடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் கட்டளையை ஓட்டுங்கள். பெரிய எழுத்து ஆர் கொடுத்தால் இணைப்பு விவரத்தை அதுவே எழுதிவிடும், பெரிய எழுத்திலேயே சி-யும் எஸ்-ஸும் கொடுத்தால் முதன்மையில் ஸ்லாட் உருவாகும்.

இந்த ஸ்லாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளில் (வால்) நகல் இன்னும் வாங்காதவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. ஒருமுறை சிங்கப்பூர் சர்வர் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. பேக்கப்புக்காக நிமிடத்துக்கு ஒரு கோப்பு மாறும்படி ஆர்கைவ் டைம்அவுட் வைத்திருந்தேன், ஒரு கோப்பு 16 மெகாபைட், எடைபோடும் பத்து மணி நேரத்துக்கே 9 ஜிகாபைட்டுக்கு மேல் சேரும். 40 ஜிகாபைட் டிஸ்க் ஐந்தாம் நாள் நிரம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைபர்ஜெயா டேட்டாபேஸே நின்றுவிட்டது. லோரிகள் வரிசையில் நிற்க, கிராணி அன்றைய எடை முழுவதையும் நோட்டில் எழுதினார்.

ஆகவே ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வைத்திருக்கலாம் என்று வரம்பு போடும் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்பதைக் கட்டாயம் வையுங்கள். 13-ஆம் பதிப்பில் வந்தது, நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. நான் 10 ஜிகாபைட் வைத்திருக்கிறேன். வரம்பு தாண்டினால் நகலை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் எடைபோடுவது நிற்காது.

நகலுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே சேமிப்பு முடிந்தது என்று சொல்லும் சிங்க்ரனஸ் முறை வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு அதைப் போட்டால், நகல் விழுந்ததும் முதன்மையில் ஒவ்வொரு சீட்டும் சேமிப்பு முடிந்தது என்ற பதில் வராமல் காத்து நிற்கும். நகலுக்குக் காத்திராத அசிங்க்ரனஸில் கடைசிச் சில நொடிச் சீட்டுகள் போகலாம், அச்சடித்த பிரதியைப் பார்த்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஜி ப்ரொமோட் கட்டளை கொடுத்துச் சிங்கப்பூரை முதன்மையாக்கிப் பாருங்கள். அதற்கு முன்னால் பழைய முதன்மையை நிறுத்திவிடுங்கள், இரண்டும் சேர்ந்து எழுதினால் எந்தச் சீட்டு சரி என்று பிரிக்கவே முடியாது.

பின்சேர்க்கை: தாப்பாவிலிருந்து ஒரு தம்பி, தவறுதலாக அழித்த சீட்டுகள் சிங்கப்பூரில் இருக்குமா என்று கேட்டிருந்தார். இருக்காது தம்பி, அழித்ததும் உடனே அங்கே போய்விடும். அதற்குத்தான் தனியாக பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் மென்பொருள் வைத்திருக்கிறேன், அழிப்பதற்கு முந்தைய நிமிடத்துக்கு அதில் திரும்பலாம்.