பழைய காரின் இக்னிஷன் மாட்யூலைச் சோதித்து மாற்றும் முறை

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பாதைகளிலும் லிந்தாங் சாலையிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோட்டோன் சாகா கார்களிலும், அவற்றின் வயதையொத்த ஜப்பானியக் கார்களிலும், ஒரு குறிப்பிட்ட கோளாறு அடிக்கடி தலைகாட்டுகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பிவிடும். நண்பகல் வெயிலில் ஓடிச் சூடேறியதும், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், யாரோ சாவியை அணைத்துவிட்டதுபோல் நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தால் மறுபடியும் ஓடும். பட்டறைக்கு இழுத்துச் செல்வதற்குள் வண்டி குளிர்ந்துவிடுவதால் அங்கே எந்தக் குறையும் தென்படுவதில்லை. பிறகு ஸ்பார்க் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றப்பட்டுப் பணம் கரைகிறது. இந்தக் குறிகளுக்கு, பிளக்கில் பொறி எழச் செய்யும் மின்னணு உறுப்பான இக்னிஷன் மாட்யூல் காரணமாக இருக்கலாம் என்றாலும், அதைச் சோதித்து உறுதிசெய்யாமல் புதியது வாங்கக் கூடாது. மாட்யூலைக் கழற்றி மாட்டுவது சிறிய வேலைதான். பழுது அதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

முதலில் உங்கள் காரில் மாட்யூல் இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய கார்கள் பலவற்றில், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளும் ஒரு கண்டென்சரும் மட்டுமே இருக்கும்; அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. மின்னணு முறையில், டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டோடு சுழலும் பல்சக்கரம் ஒவ்வொரு முறையும் பிக்கப் காயிலைக் கடக்கும்போது மெல்லிய மின்குறியொன்று பிறக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட மாட்யூல், இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டிக்கிறது. துண்டித்த அக்கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடிய மின்னழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகிறது. பல ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை இணைத்துத் துண்டிக்கும் மாட்யூல் இயல்பாகவே சூடாகிறது. அந்தச் சூடு வெளியேற வேண்டிய உலோகப் பரப்போ எஞ்சினின் சூட்டில் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் 1980களில் பல மாடல்களில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மீதே பொருத்தியது. சூட்டில் மாட்யூல் செயலிழந்து எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுபோகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டு கலிபோர்னிய நீதிபதி ஒருவர் அக்கார்களைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிட்டார். குளிர்காலம் உள்ள ஊர்க் கார்களுக்கே அந்த நிலை என்றால், ஆண்டு முழுவதும் வெயில் காயும் பேராவில் இந்த உறுப்பு தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

சூடாக நின்ற நிலையிலேயே சோதித்தல்

குளிர்ந்த வண்டியில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. ஆகவே ஒரு மல்ட்டிமீட்டர், இழைபல்பு பொருத்திய 12 வோல்ட் சோதனை விளக்கு, நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்பார்க் பிளக் ஆகிய மூன்றையும் காரிலேயே வைத்திருந்து, வண்டி நின்ற இடத்தில், அது குளிர்வதற்கு முன்பே சோதிக்க வேண்டும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். தானியங்கிக் கியர் என்றால் பார்க்கில் வையுங்கள்.

ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, கையிலுள்ள பிளக்கில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியோடு ஒரு ஜம்பர் வயரால் இறுகக் கட்டி வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அதைக் கையால் பிடித்திருக்கக் கூடாது. அந்த அதிர்ச்சி ஆளைத் தூக்கியடிக்கும், இதய நோயாளிக்கு ஆபத்தாகவும் முடியலாம். வயரை எதிலும் செருகாமல் காற்றில் தொங்கவிட்டுச் சுழற்றுவதும் தவறு. வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் மாட்யூலையும் கெடுத்துவிடும். நீல நிறப் பொறி தெளிவாக வந்தால் மாட்யூலின் மீது பழியில்லை. பெட்ரோல் பக்கம் பாருங்கள். கார்புரேட்டர் வண்டிகளில் வெயில் நேரத்தில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நிற்பதும் இதே மாதிரிதான் தோன்றும், குளிர்ந்ததும் ஓடுவதும் இதே மாதிரிதான். ஆயினும் பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் சில முறை இழுத்துத் தடுமாறிய பிறகே நிற்கும்; பொறி அறுந்த வண்டி ஒரே வெட்டில் நின்றுவிடும். எஞ்சின் சுழற்சிமானி உள்ள காரில், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அதன் முள் சுழியத்துக்கு விழுந்தால், பொறி அறுந்தது என்பதற்கு அது வலுவான சான்று.

பொறி இல்லையென்றால் சாவியைப் போட்டு, காயிலின் நேர்முனையில் பேட்டரிக்கு நெருங்கிய வோல்ட் வருகிறதா என்று அளவெடுங்கள். வரவில்லையென்றால் பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், வயர் ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. வருகிறதென்றால், சோதனை விளக்கின் கவ்வியைப் பேட்டரியின் நேர்முனையில் மாட்டி, கூர்முனையைக் காயிலின் எதிர்முனையில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து அணைந்தால் மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பழுது காயிலிலோ, அதன் கனத்த வயரிலோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ, அதற்குள் சுழலும் ரோட்டரிலோ இருக்கும். விளக்கு அசைவில்லாமல் அணைந்தே கிடந்தாலோ, எரிந்தபடியே நின்றாலோ, காயிலுக்கான கட்டளை வரவில்லை. இந்த ஒரு சோதனை பாதி சந்தேகங்களைத் தீர்த்துவிடும்; பத்து நிமிடம் கூட ஆகாது.

கட்டளை வரவில்லை என்பதாலேயே மாட்யூல் கெட்டுவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. சுழற்சிமானிக்குப் போகும் வயர் எங்காவது உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் காயிலின் எதிர்முனை நிரந்தரமாகப் பூமியோடு இணைந்து பொறி அற்றுப்போகும். அந்த வயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். அடுத்து பிக்கப் காயிலின் இரண்டு வயர்களுக்கிடையே மின்தடையை அளந்து, உங்கள் மாடலுக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் பிக்கப் அறுந்துவிட்டது. மூடியைக் கழற்றியபடி பிக்கப்பின் வயரை மெல்ல அசைத்துக்கொண்டே அளப்பது நல்லது. பிக்கப் பொருந்திய தகடு முன்னும் பின்னும் அசையும் இடத்தில் அந்த வயர் உள்ளுக்குள் முறிந்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் நிறுத்தப்படும் கார்களில் எலி கடித்த வயர்களையும் மறக்காமல் தேட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் எர்த் இணைப்பில் பச்சையாகப் பூத்திருக்கும் துரு, மாட்யூல் செத்துவிட்டதுபோன்ற தோற்றத்தையே தரும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, கட்டளை மட்டும் வரவில்லை என்றால் இப்போது மாட்யூலைச் சந்தேகிக்கலாம். மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிப்புறத்தில் இருக்கும் வண்டி என்றால், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை அதன் மேல் வைத்துச் சில நிமிடங்கள் குளிரவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் குழாயையோ பம்பையோ தொடாமல் மாட்யூலை மட்டும் குளிர்வித்ததும் பொறி திரும்பினால் முடிவு தெளிவாகிவிடும். தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றும் பழக்கம் வேண்டாம். மூடிக்குள் ஈரம் புகுந்தால் வேறு கோளாறு கிளம்பும்.

மாட்யூலைக் கொன்றது எது

புதியதை மாட்டுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடாதவர், அதே பாகத்தை மறுபடியும் வாங்குவார். தவறான காயில் முதல் சந்தேகம். பாயிண்ட் வகை இக்னிஷனுக்கான காயிலும் மின்னணு இக்னிஷனுக்கான காயிலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், முதன்மைச் சுற்றின் மின்தடை வேறுபடும். உரிய அளவைவிடக் குறைந்த தடையுள்ள காயிலைப் போட்டால் மாட்யூல் தாங்க முடியாத மின்னோட்டம் அதன் வழியே ஓடும். ஆல்ட்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் செய்வது இன்னொரு காரணம்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால், அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் புதிய மாட்யூலைத் தொடாதீர்கள். தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இறங்கிய காரை அருகில் நிற்கும் லோரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்புவது வழக்கம்; பெரிய லோரிகளில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் 12 வோல்ட் காரில் கொடுத்தால் மாட்யூல் மட்டுமல்லாமல் ரேடியோ முதல் பல்பு வரை எதுவும் மிஞ்சாது.

வாங்கும்போது பழைய மாட்யூலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் உடலில் அச்சிட்ட எண்ணும், முனைகளின் எண்ணிக்கையும், திருகுத் துளைகளின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல் காரிலேயே தயாரிப்பு ஆண்டுக்கு ஆண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மாறியிருக்கக்கூடும் என்பதால், காரின் பெயரைச் சொல்லி வாங்குவது போதாது. சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டால் ஈப்போவின் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். ஹாஃப்-கட் கடைகளில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்பவை) கழற்றி விற்கும் பழைய மாட்யூலின் விலை ஆசை காட்டும். ஆனால் அது எத்தனை வெயிலைப் பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், பெயர் பெற்ற தயாரிப்பாளரின் புதிய பாகத்துக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கொடுப்பதே சிக்கனம்.

கழற்றுதலும் மாட்டுதலும்

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எந்த வயர் எந்தத் துளையில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரிலும் ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். சாகாவின் எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-3-4-2 ஆகும், வரிசை மாறினால் எஞ்சின் ஓடாது, அல்லது கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். மாட்யூல் வெளிப்புறத்தில் இருந்தால் மூடியைக் கூடத் தொட வேண்டியதில்லை. உள்ளே இருந்தால் மூடியையும் ரோட்டரையும் எடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை முழுவதுமாக வெளியே எடுப்பது தவிர்க்க முடியாத வண்டிகளில், முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சநிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் காட்டும் திசையையும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி எஞ்சினோடு சேரும் இடத்தையும் வெள்ளை மையால் குறித்த பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள்.

மாட்யூலைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் முப்பது ஆண்டுகளாக அசையாமல் இருந்தவை. ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் திருகுகளின் தலை, சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது; அழுத்தித் திருகினால் தலை தேய்ந்து மொட்டையாகிவிடும். ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு ஊறவைத்து, அளவுக்குப் பொருந்தும் ஜப்பானிய வகைத் திருப்புளியால், கீழ்நோக்கி அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். இணைப்பைப் பிரிக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் உறையின் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள். திருகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்துவிட்டால், அதைத் தேடி எடுக்காமல் எஞ்சினைச் சுழற்றக் கூடாது.

இனி வருவதுதான் பலரும் அவசரத்தில் தாண்டிச் செல்லும் இடம். மாட்யூல் உட்கார்ந்திருந்த உலோகப் பரப்பில் காய்ந்துபோன பழைய பசை வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். அதை மரக்குச்சியால் சுரண்டி, ஆல்கஹால் நனைத்த துணியால் உலோகம் பளிச்சிடும் வரை துடைத்தெடுங்கள். புதிய மாட்யூலோடு சிறு பொட்டலத்தில் வரும் வெப்பப் பசையை அதன் அடிப்பரப்பு முழுவதும் காகிதமளவு மெல்லியதாகத் தடவுங்கள். பொட்டலம் இல்லையென்றால் அதற்கென விற்கும் சிலிக்கான் வெப்பப் பசையையே வாங்க வேண்டும், பேரிங்குக்குப் போடும் கிரீஸ் உதவாது. கனமாக அப்புவதும் தவறே. பசையின் பணி இரண்டு உலோகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்புவதுதான், மெத்தை போடுவதல்ல. பசை இல்லாமல் மாட்டிய புதிய மாட்யூல் முதல் நீண்ட பயணத்திலேயே செத்துப்போகக்கூடும், கடைக்காரர் கலப்படப் பொருள் கொடுத்தார் என்று பேச்சும் எழும். பல மாடல்களில் மாட்யூலின் உடலே எர்த் இணைப்பாகவும் இருப்பதால், திருகுகள் அமரும் இடமும் துருவின்றி இருக்க வேண்டும். திருகுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மாட்யூலின் அடித்தகடு வளையும்படி ஒரே பக்கத்தை முறுக்க வேண்டாம்.

பிக்கப்பை அசைத்திருந்தால், பல்சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பித்தளை ஃபீலர் கேஜால் சரிபாருங்கள். இரும்புத் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தவறான அளவைக் காட்டும். பிறகு ரோட்டர், மூடி, வயர்கள் என்று வந்த வழியே திரும்பி மாட்டி, மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோன்ற கருங்கோடுகள் இருந்தால் அதையும் மாற்றிவிட்டு, பேட்டரியை இணையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருந்தால் டைமிங் லைட்டால் பொறிநேரத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டைமிங் லைட் இல்லாதவர் இந்த ஒரு வேலைக்காகப் பட்டறைக்குப் போய்விடலாம்.

எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அதன்பின் வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கோலகங்சார் பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் மூடிய பானட்டுக்குள் வெந்துகிடக்கவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடும்போது வீசும் காற்று நின்றபின், எஞ்சினின் சூடு மேலேறி மாட்யூலை அதிகமாகச் சுடுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.