மதுரையிலிருந்து ரிஞ்சானிக்கு: எரிமலையில் நடக்கக் கால்களைப் பழக்குவது எப்படி?

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் இருக்கிறது ரிஞ்சானி. 3,726 மீட்டர் உயர எரிமலை. கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம், மூன்று பகல் இரண்டு இரவில் நடந்தே ஏறி இறங்கலாம். எரிமலையில் பல நாள் நடக்க ஆசைப்படுகிற புதியவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் நம்மூர் மலைகளில் மட்டும் ஏறிப் பழகியவர்களை இந்த மலை திணறடித்துவிடும். யானைமலையும் திருப்பரங்குன்றமும் கெட்டிப் பாறை, வைத்த இடத்தில் கால் நிற்கும். ரிஞ்சானியின் மேல்பகுதியோ சாம்பலும் கருஞ்சரளையும். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். முதலில் பழக வேண்டியது இந்தச் சறுக்கலைத்தான்.

படி 1: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகமாக நடந்தாலே போதும். இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, ஆறேழு கிலோ வரை கூட்டிக்கொண்டே போங்கள்.

படி 2: மணலில் இறங்குங்கள். சோழவந்தான் பக்கம் வைகையில் மணல் மிச்சமிருக்கிற இடம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் மட்டும் ஆற்றுப் பக்கமே போகவேண்டாம். கரைச்சரிவில் ஏறும்போது எட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஷூவின் முனையால் மணலை உதைத்து ஒரு குழி உண்டாக்கி, அதில் பாதத்தை அழுத்தி, அது நின்ற பிறகே அடுத்த காலைத் தூக்குங்கள். நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறினால் மூச்சு மிஞ்சும். இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். ஊன்றுகோல் இரண்டையும் இங்கேயே பழகிவிடுங்கள். கணுக்கால் உறையும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஷூவுக்குள் சரளை புகுந்து, பாதம் கொப்பளித்துப்போகும்.

படி 3: ஏற்றம். அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை பையோடு ஏறி இறங்குங்கள். அடுத்து நீண்ட காட்டுப்பாதை வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில், வழிகாட்டியோடு போகும் பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

படி 4: குளிர். முதல் இரவு கூடாரம் போடுகிற எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,639 மீட்டர், ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரம். உச்சியில் விடியலுக்கு முன் உறைநிலையை ஒட்டிப் போகும், காற்றும் சேர்ந்துகொள்ளும். பருத்தி பனியன் வேர்வையில் நனைந்து உடம்பைச் சில்லிட வைக்கும், அதனால் சீக்கிரம் உலரும் துணியே சரி. அதன்மேல் கம்பளி, அதற்குமேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். கையுறை, தலை விளக்கு, அதற்கு மாற்று பேட்டரி.

படி 5: போகலாமா என்று பாருங்கள். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாகப் பாதையை மூடிவிடுவார்கள். இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கைக்கு நான்கு நிலைகள் உண்டு. 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராபி வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது, அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. ஆகவே ‘கீழ்நிலை எச்சரிக்கைதானே’ என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். வழிகாட்டி திரும்பச் சொன்னால், செலவழித்த பணத்தை எண்ணாமல் திரும்பிவிடுங்கள்.

படி 6: மூன்று நாள். முதல் நாள் செம்பாலுன் புல்வெளி வழியாக விளிம்புக்கு. கூடாரத்தையும் சாப்பாட்டையும் சுமைதூக்குவோர் மூங்கில் காவடியில் கொண்டுவருவார்கள். இரண்டாம் நாள் அதிகாலை இரண்டு மணிவாக்கில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும், வைகை மணல் கைகொடுப்பது இங்கேதான். ஏறி முடித்தால் கீழே செகாரா அனாக் ஏரியும், அதன் நடுவே 2016 வரை வெடித்த பாருஜாரி கூம்பும் தெரியும். அந்த ஏரி இருக்கிற பள்ளம் 1257ஆம் ஆண்டின் பெருவெடிப்பு உண்டாக்கியது. பிறகு ஏரிக்கு இறங்கி, மறுபக்க விளிம்புக்கு ஏறவேண்டும்.

மூன்றாம் நாள் சேனாரு கிராமத்தை நோக்கிக் காட்டுவழியே சுமார் 2,000 மீட்டர் இறக்கம். ஊரிலிருந்து கிளம்பும்போதே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். அன்று காலை ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால், விரல்கள் முன்னால் போய் இடிக்காது.