விண்டோஸ், மேக், உபுண்டு: மூன்றுக்கும் ஒரே கோப்புறை

எங்கள் அச்சகத்தில் பில் போடும் கணினி விண்டோஸ். பக்க வடிவமைப்புக்கு மேக். கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினியில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நடக்காமல் மூன்றிலும் வேலை ஓட, கணினிகள் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி என்ற ஒரே நெறிமுறை போதும். விண்டோஸில் அது கூடவே வருகிறது. மேக்கில் 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் கோப்புப் பகிர்வுக்கு அதுதான் முதன்மை. லினக்ஸுக்கு அதே நெறிமுறையில் பகிரும் சாம்பா என்ற நிரல் இருக்கிறது. ஆளுக்கொரு ஷேர் திறக்காதீர்கள். கோப்பெல்லாம் உபுண்டுவில் மட்டும் இருக்கட்டும்.

முதலில் ரௌட்டரில் உபுண்டு கணினிக்கு மாறாத ஐபி முகவரியை ஒதுக்குங்கள், 192.168.1.10 என்பதுபோல. பிறகு சாம்பாவை நிறுவி ஒரு கோப்புறையைப் பகிருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். சாம்பாவுக்கான கடவுச்சொல்லைத் தனியாகப் பதிய வேண்டும்; உபுண்டுவில் நுழையும் கடவுச்சொல் தானாக இங்கே வராது. கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் பகிர்வு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அதை இயல்பாகவே மறுத்துவிடும்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு ஐபியை அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முகவரி கேட்கும்.

பழைய ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேனருக்கு எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்திருக்கலாம். அதற்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனரில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதற்கு மட்டும் பென் டிரைவ்.

சரி, தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு வருவோம். இதைப் பொதுவான வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது. 'கோயில் மலர்' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவ வட்டு பிரித்துத்தான் சேமிக்கும். அதிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக உபுண்டுவுக்கு நகலெடுத்தால் பெயர் பிரிந்தபடியே வந்து சேரும். லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாக எண்ணும். ஒரே குறியாக எழுதிய பெயரில் இன்னொரு கோப்பும் அங்கே இருந்தால், ஒரே 'கோயில் மலர்' இரண்டு முறை தெரியும். எது கடைசி புரூஃப் என்று தெரியாமல் தவறானது அச்சேறிவிடக்கூடும். உபுண்டுவில் கான்வ்எம்வி என்ற சிறு நிரல் கிடைக்கிறது. அதை என்எஃப்சி தேர்வுடன் ஓட்டினால் பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும். முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும். பார்த்துவிட்டு நோடெஸ்ட் தேர்வைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி வேண்டாம். லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும், விண்டோஸில் அதே கோப்பு புரியாத குறும்பெயராகத் தெரியும்.

எழுந்து போகாமல் மூன்றையும் பராமரிக்க, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வையுங்கள். மேக்கில் ரிமோட் லாகினை இயக்கினால் போதும். விண்டோஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரைச் சேர்த்து, சர்வீசஸில் அதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றுங்கள்.