கச்சானும் உப்புக் காற்றும் அறிந்த வீடு: இயற்கையைத் தழுவிய உள்ளமைப்புக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் புதிதாக வீடு கட்டுவோரில் பலர், உள்ளமைப்பு என்றதும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸையும் மரம் போல அச்சிட்ட பிளாஸ்டிக் பலகையையும் முதலில் தெரிவு செய்துவிட்டு, வீட்டுக்கு இயற்கைத் தோற்றம் வேண்டும் என்று கடைசியில் சில செடிகளை வாங்கி வைக்கிறார்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, உப்பு எதை அரிக்கிறது என்பவற்றை முதலில் கவனித்து, அவற்றுக்கு ஏற்ற தரையையும் மரத்தையும் நிறத்தையும் தீர்மானித்தால், அலங்காரத்துக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியது மிகக் குறைவு.

மட்டக்களப்பு நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னரும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்கு யன்னலுக்கு வெயில் படாது என்று நம்பி அதை மறைப்பின்றி விடக்கூடாது. அதே மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றுக்கு நேரே பெரிய யன்னல் வைத்தால் கூடம் பகலில் கொதிக்கும். குளியலறை, களஞ்சிய அறை, அலுமாரிச் சுவர் ஆகியவற்றை மேற்கிலும் தென்மேற்கிலும் அமைத்து, கூடத்தையும் விறாந்தையையும் பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்கு நோக்கித் திறந்துவிடுவது நல்லது.

காத்தான்குடி போன்ற நெருக்கமான இடங்களில் பக்கச் சுவரில் யன்னல் வைக்கவே வழியிராது. அங்கே வீட்டின் நடுவில் ஆறடிக்கு ஆறடி அளவிலாவது ஒரு திறந்த முற்றம் விடலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003), கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை இணைத்துத் தமது இல்லமாக்கியபோது, சிறு முற்றங்களாலும் ஒளிக்கிணறுகளாலுமே அதற்கு வெளிச்சமும் காற்றும் கொடுத்தார். நம் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரியில் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ப்பதால், முற்றத்தின் தரையைச் சுற்றியுள்ள அறைகளை விடத் தாழ்த்தி, அகலமான வடிகுழாயை முதல் நாளே பதித்துவிட வேண்டும்.

தரைக்கு நான் பரிந்துரைப்பது, நம் பெற்றோர் காலத்து வீடுகளில் இருந்த சிவப்புச் சீமெந்துத் தரையே. வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாகவும் கண்ணுக்கு வெதுவெதுப்பாகவும் இருக்கும் வேறு தரை இந்த விலைக்குக் கிடைப்பது அரிது. சிவப்பு ஒக்சைட் தூளைச் சீமெந்தின் எடையில் பத்து வீதத்துக்கு மேற்படாமல் அளந்து, உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை கலந்து, அதன் பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு சதுரத்தைத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். சாப்பிட்டு வந்து தொடர்ந்தால் அந்த இணைப்புக் கோடு எக்காலமும் தெரியும். பெரிய கூடமாயின், நான்கடிக்கொரு பித்தளைப் பட்டி பதித்துப் பிரித்துக்கொண்டால் வெடிப்புகள் கட்டுக்குள் இருக்கும். மேற்பரப்பு இறுகத் தொடங்கும் வேளையில், விரலால் அழுத்தினால் தடம் விழுந்தும் விரலில் ஒட்டாதிருக்கும் பதத்தில், உருக்குக் கரண்டியால் அழுத்தி மினுக்க வேண்டும். மறுநாள் முதல் ஒரு கிழமையாவது ஈரச் சாக்கால் மூடித் தண்ணீர் விட்டு ஆறவிட்டு, நன்றாக உலர்ந்தபின் மெழுகு தேய்க்கலாம். கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் விரைவில் பறந்துவிடுவதால், இந்த வேலையை அக்காலத்தில் செய்யாமலிருப்பது உத்தமம். இதற்குப் பழகிய மேசன் இன்று குறைவு. கிடைத்தால், அவர் முன்பு செய்த தரையொன்றைப் பார்த்தே பேச வேண்டும்.

சுவருக்கு மினுங்காத பூச்சே பொருந்தும். தூய வெள்ளை நம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்வதால், கடல் மணலின் நிறம், வெளிறிய களிமண் நிறம் போன்றவற்றைக் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்தபின் தெரிவு செய்யுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, இடிக்கப்படும் பழைய வீடுகளின் முதிரைக் கதவுகளும் நிலைகளும் கிடைத்தால் விடவேண்டாம். அவை காய்ந்து முறுக்குத் தீர்ந்தவை. புதிதாக வாங்குவதாயின், கதிரை, அலுமாரிகளுக்குப் பலா நல்ல தெரிவு. மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும் அதன் நிறத்தைச் சாயம் பூசி மறைக்காதீர்கள். கல்லடி, ஒலுவில் போன்ற கடலோரங்களில் இரும்புப் பிணைச்சல் விரைவில் துருப்பிடித்து மரத்திலும் கறை விடும். பித்தளை அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொருத்துங்கள். சாதாரண 304 தரம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி காட்டும். மாரியில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி விடுவது அவசியம்.

திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தி நம் வாசலிலேயே இருக்கும்போது பொலியெஸ்டர் தேவையில்லை. அது காற்றை மறிக்காமல் வெளிச்சத்தை மட்டும் மென்மையாக்குகிறது. முதற்கழுவலில் சுருங்குமாதலால், துணியை நனைத்து உலர்த்திய பின் அளந்து தைப்பியுங்கள். படுக்கையறைத் தரைக்குப் பன்பாய் மிகப் பொருத்தம். ஆனால் மழைக்காலத்தில் விரித்தபடியே விடாமல், வெயில் கண்ட நாளில் காயவைத்துச் சுருட்டி வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கூரையில் ஒரே ஒரு நீலவெள்ளை மின்குமிழைப் போட்டால், இரவில் சிவப்புத் தரையும் பலாமரமும் சாம்பல் பூத்துக் கிடக்கும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறிக்கப்பட்ட, இளமஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி குமிழ்களை, கண்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். நீலவெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் குமிழ் குசினி மேசைக்கு மேல் மட்டும் இருக்கட்டும்.

செடிகளைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள். யன்னலிலிருந்து ஓரிரு அடிக்குள் மணிபிளாண்டும் மருளும் நன்றாக வரும்; முற்றத்தில் வெற்றிலைக்கொடியும் நந்தியாவட்டையும் வைக்கலாம். சாடியின் கீழ்த்தட்டிலும் மணிபிளாண்ட் வைத்த போத்தலிலும் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதால், தட்டை மணலால் நிரப்பி, போத்தல் நீரை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை மாற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.