வேலை தேடுகிறீர்களா? ஒரிஜினலைக் கையைவிட்டு விடாதீர்கள்

வட சென்னை மணலியில் ஒரு கம்பெனியில் எனக்கு ஆள் எடுக்கும் எச்ஆர் வேலை. ஜூன், ஜூலை வந்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து டிகிரி, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஃபைலோடு வந்து உட்கார்வார்கள். சட்டையை அயர்ன் பண்ணு, நேரத்துக்குப் போ என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். எங்கள் செட் செய்த அதே கூத்தை இவர்களும் செய்யும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரிஜினலை ஒப்படைப்பது

"வெரிஃபிகேஷனுக்கு மார்க் ஷீட் ஒரிஜினல் வேணும், ஒரு வருஷம் கழிச்சுத் தருவோம்" என்று கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. வெரிஃபிகேஷன் என்றால் ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பத்து நிமிடம் போதும், பீரோ எதற்கு? பூட்டிவைப்பது நீங்கள் வேறு வேலைக்குப் போகாமல் இருக்கப் போடும் மூக்கணாங்கயிறு.

போன வருடம் எங்களிடம் ஒரு தண்டையார்பேட்டைப் பெண் தேர்வானார். ஒரிஜினல் எல்லாம் பழைய ஆபீஸில். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரிஜினலைப் பார்க்காமல் எங்களாலும் சேர்க்க முடியாது; சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், கடைசியில் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்கள். "டூப்ளிகேட் வாங்கிக்கலாமா சார்?" என்று கேட்டார் அந்தப் பெண்ணின் அப்பா. டூப்ளிகேட் என்பது தொலைந்துபோனதற்கு. போலீசில் தொலைந்தது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இங்கேதான் அது யார் பீரோவில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமே, பொய்ப் புகார் கொடுத்து இன்னொரு வம்பா?

அதனால் ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டு, எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். விடாமல் கேட்டால், சான்றிதழ் எண்களோடு லெட்டர்ஹெட்டில் ரசீது கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம், திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். அப்புறம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம்.

முகவரியை மாற்றுவது

வியாசர்பாடி என்று போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரியைப் போடுகிறார்கள். பயம் புரிகிறது, ஏரியா பேரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சரிபார்க்க ஆள் வரும் நாளில் நீங்கள் அங்கே இல்லையென்றால் பொய் சொன்னதாகத்தான் எழுதிக்கொண்டு போவார். ரெஸ்யூமேயில் 'சென்னை' போதும். சேரும் படிவத்தில் உண்மையான முகவரி.

இனிஷியல்

ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருந்தால் பிஎஃப் சமயத்தில் இழுக்கும். இப்போதே சரிசெய்யுங்கள்.

வேலைக்குப் பணம் கேட்டால்

கொடுக்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பித் தொலைத்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அப்ரெண்டிஸ் என்றால் இளக்காரம்

ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் பெரம்பூரிலேயே இருக்கிறது, எண்ணூர் வரைக்கும் ஃபேக்டரிகள். ஆனாலும் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர்தான் வேண்டும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதியலாம். முடித்ததும் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெறும் மார்க் மட்டும் இருக்கும் ரெஸ்யூமேக்களுக்கு நடுவே ஒரு வருடம் மெஷினில் நின்றவருடையது இருந்தால் நான் முதலில் எடுப்பது அதைத்தான்.