ஊர் எல்லைப் பலகையும் சந்திப் பலகையும்: நாமே வடிவமைப்பது எப்படி?

இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கம் வழி கேட்டால் யாரும் வீதியின் பெயர் சொல்ல மாட்டார்கள். "மதகு தாண்டினோடன ஒரு பாலை மரம் வரும், அதடியால இடப்பக்கம் திரும்பி, பழைய சங்கக் கடையில விசாரியுங்கோ" என்பார்கள். சங்கக் கடை இருந்த இடத்தில் இப்போது பற்றைக்காடு, பாலை மரம் வீதி அகலித்தபோது போய்விட்டது. கேட்டவர் போய்ச் சேர்ந்தாரா என்பது முறிகண்டிப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

அதனால் எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு வரவேற்புப் பலகையும் சில வழிகாட்டிப் பலகைகளும் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். கலியாண அட்டை வடிவமைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், வேலை என் தலையில் விழுந்தது. கலியாண அட்டையைக் கையில் வைத்து ஆறுதலாகப் படிக்கலாம், வீதிப் பலகையை ஓடுகிற வாகனத்திலிருந்து ஐந்து செக்கனில் படித்து முடிக்க வேண்டும் என்ற வித்தியாசமே எனக்கு முதலில் உறைக்கவில்லை. முதல் பலகை பிழையாகித்தான் போனது. அந்தக் கதை கீழே வரும். உங்கள் ஊருக்கு நீங்கள் செய்வதென்றால் இந்த ஒழுங்கில் போங்கள்.

1. வீதி யாருடையது?

கணினியைத் திறக்குமுன் இதைக் கேளுங்கள். கண்டி யாழ்ப்பாணம் ஏ9, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34, பரந்தன் முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ வகை வீதிகளும் பி வகை வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை வீதிகள் மாகாணத்தினுடையவை. ஊருக்குள் போகும் ஒழுங்கைகள் பிரதேச சபையிடம். ஏ9 கரையில் நீங்களாகக் கிடங்கு வெட்டித் தூண் நட முடியாது. கடிதத்தோடு ஒரு வரைபடமும், பலகையின் அளவும், வீதி விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடப் போகிறீர்கள் என்பதும் கொடுங்கள். மூன்று மொழிகளின் வரிசை, பின்னணி நிறம், அம்புக்குறியின் வடிவம் ஆகியவற்றை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிகார சபையின் பலகைகளில் வழமையாகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று வரும். ஏற்கனவே வீதியில் நிற்கிற பலகைகளின் நிறத்தோடு உங்களுடையது ஒத்துப்போகாவிட்டால் ஓட்டுநர் அதைக் கடை விளம்பரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

2. ஊருக்குப் புதியவராக வாருங்கள்

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, சந்திக்கு வரும் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வழமையான வேகத்தில் வாருங்கள். ஊரை அறியாதவராக இருந்தால் எந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்று பின்னால் இருப்பவர் குறிக்கட்டும். பலகை அந்த இடத்துக்கு முன்னால், இடப்பக்கம் நிற்க வேண்டும். சந்தியிலேயே நட்டால் படித்து முடிக்கிறபோது திருப்பம் தாண்டியிருக்கும். கிளைகளையும் பாருங்கள். மாசியில் இலை உதிர்த்து நிற்கிற மரம் மார்கழியில் பலகையையே மூடிவிடும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியென்றால் காலையும் மாலையும் ஒவ்வொரு தடவை வந்து பார்க்கத்தான் வேண்டும், வெயில் முகத்தில் அடிக்கும்போது பலகை வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

3. பெயர்களை வெட்டுங்கள்

இதில்தான் ஊரில் சண்டை வரும். எல்லோருக்கும் தங்கள் குறிச்சியின் பெயர் வேண்டும், கோயில் வேண்டும், பாடசாலை வேண்டும், வாசிகசாலையும் வேண்டும். கணக்கைக் காட்டுங்கள்: ஒரு பெயர் என்றால் மூன்று மொழியில் மூன்று வரி. நான்கு பெயர் போட்டால் பன்னிரண்டு வரி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பன்னிரண்டு வரியை யார் படிப்பது?

எனது விதி, ஒரு திசைக்கு இரண்டு பெயருக்கு மேல் இல்லை. ஒன்று அடுத்து வரும் முக்கிய ஊர், மற்றது அந்த வீதி போய்ச் சேரும் பெரிய ஊர். மாங்குளம் சந்தியை வைத்துப் பார்த்தால் கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்கே துணுக்காய், மல்லாவி. தெற்கே புளியங்குளம், வவுனியா. வடக்கே கிளிநொச்சி, யாழ்ப்பாணம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் அந்தந்த ஒழுங்கை முகப்பில் சின்னப் பலகை போதும்.

வன்னிக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயர்களின் வால் எல்லாம் ஒன்று. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்று ஒரு பக்கம், இரணைமடு, விசுவமடு, கல்மடு என்று மறுபக்கம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வால்தான் பளிச்சென்று தெரியும், வித்தியாசமோ தலையில் இருக்கிறது. ஆகவே "பு.குளம்" என்று சுருக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். இடம் போதாவிட்டால் பலகையை அகலமாக்குங்கள், எழுத்தை நெரிக்க வேண்டாம்.

4. எழுத்துப்பிழை

முறிகண்டியா முறுகண்டியா? ஒட்டுசுட்டானா ஒட்டிசுட்டானா? தருமபுரமா தர்மபுரமா? இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பிரதேச செயலகம் பாவிக்கிற எழுத்தையே எல்லாப் பலகையிலும் போடுங்கள், ஒரே வீதியில் ஒரே ஊர் இரண்டு பெயரில் நிற்கக் கூடாது. சிங்களத்தைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டுங்கள். இணையத்தில் மொழிபெயர்த்து ஒட்டுவதால்தான் தமிழ் தெரியாதவர்கள் போட்ட பலகைகளில் ழகரம் ளகரமாகி, குற்று (மெய்யெழுத்தின் புள்ளி) காணாமற் போய், நாங்கள் படமெடுத்துப் பகிர்ந்து சிரிக்கிறோம். 1987இன் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது, பலகையில் அது சரியாக வருவதற்கு இன்னமும் பாடுபட வேண்டியிருக்கிறது. அதே பிழையை நாங்கள் சிங்களத்தில் விடுவது அழகில்லை.

5. எழுத்தின் உயரம்: ஒரு சின்னக் கணக்கு

பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். அமெரிக்க வீதிக் கையேடு ஓர் அங்குல எழுத்தை 30 அடியிலிருந்து படிக்கலாம் என்ற கணக்கை வைத்திருக்கிறது. மெற்றிக்கில் 10 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 36 மீற்றர். வாகனம் மணிக்கு 50 கிலோமீற்றரில் வந்தால் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். ஐந்து செக்கன் கொடுத்தால் 70 மீற்றர். அதற்கு 20 சென்ரிமீற்றர் எழுத்து வேண்டும். 70இல் ஓடும் இடமென்றால் 27 சென்ரிமீற்றர்.

இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் சுழிகளும் விசிறிகளும் ("கி" யின் மேல்வளைவு) அதிகம், அதனால் கணக்கில் வருவதற்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். உயரத்தை அளக்கும்போது "க" வின் உடம்பை மட்டும் அளவுங்கள், மேலே போகும் விசிறியையோ கீழே தொங்கும் உகரக் காலையோ சேர்க்க வேண்டாம். அவற்றுக்காக வரிகளுக்கிடையில் எழுத்து உயரத்தின் பாதிக்கு மேல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் "கு" கீழ்வரியின் "கி" யோடு மோதும். தமிழும் சிங்களமும் 20 என்றால் ஆங்கிலம் 15 போட்டாலே கண்ணுக்குச் சமனாகத் தெரியும், ஆனால் கணக்குப்படி அதைப் படிக்க ஐந்து செக்கன் அல்ல, நான்கு செக்கன்தான் கிடைக்கும்.

கூட்டிப் பாருங்கள். இரண்டு பெயர், மூன்று மொழி, இடைவெளிகளோடு 1.8 மீற்றர் உயரப் பலகை. மூன்றாவது பெயரைச் சேர்த்தால் 2.7 மீற்றர். பெயரைக் குறைக்கச் சொல்லிக் கூட்டத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாதவர்கள், தகட்டின் விலை தெரிந்ததும் அசைந்தார்கள்.

6. எழுத்துருவும் மென்பொருளும்

கணினிக்கு இங்க்ஸ்கேப் போதும், இலவசம், தமிழை உடைக்காது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றில் ஒன்று. நோட்டோவில் சிங்களமும் இருப்பதால் மூன்று மொழியும் ஒரே தடிப்பில் வரும். நடுத்தரத் தடிப்பையே எடுங்கள். மிகத் தடித்த எழுத்தில் "ண" வின் சுழிகள் அடைத்துப் போகும்.

எங்கள் பக்க அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது. அது யுனிகோட் அல்ல, பாமினி நிறுவாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். யுனிகோட்டிலும் ஆபத்து இருக்கிறது. பழைய போட்டோஷொப்பிலோ இலஸ்ரேட்டரிலோ ஒட்டினால் "கிளிநொச்சி" யின் கொம்பு "ந" வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எழுத்துகளை எல்லாம் கேர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டு பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், மாற்றாத மூலக் கோப்பை உங்களிடம் பத்திரமாக வையுங்கள்.

7. ஏ4 பரிசோதனை

இதைத் தவறவிடவே வேண்டாம், செலவு ஒரு கடுதாசி. பத்தில் ஒன்றாகச் சுருக்கி அச்சடியுங்கள். 20 சென்ரிமீற்றர் எழுத்து 2 சென்ரிமீற்றராகும், 70 மீற்றர் தூரம் 7 மீற்றராகும். சுவரில் ஒட்டிவிட்டு எட்டுக் காலடி வைத்து நிறுத்தாமல் ஏழு மீற்றரை அளந்தே நில்லுங்கள். ஊர்ப் பெயர் தெரியாத ஒருவரை அழைத்து, ஐந்து செக்கன் காட்டி மூடிவிட்டு, முல்லைத்தீவு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பொழுது பட்ட பிறகு, கண்ணாடி போடாத அம்மம்மாவை வைத்தும் ஒரு தடவை செய்து பாருங்கள். எங்கள் அம்மம்மா அம்புக்குறியைப் பார்த்து "இது என்னடா, மீனா?" என்றா. அம்பை மாற்றினேன்.

8. தகடும் ஸ்ரிக்கரும்

இங்கேதான் என் பிழை. அலுமினியத் தகட்டில் நீல ஒளிதெறிப்பு ஸ்ரிக்கர், அதன்மேல் வெள்ளை எழுத்து. பகலில் நல்ல வடிவு. செலவு மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுத்துக்கு மட்டும் சாதாரண வெள்ளை ஸ்ரிக்கர் வெட்டி ஒட்டினேன். இரவில் லொறி வெளிச்சம் பட்டதும் பின்னணி பளபளக்கிறது, எழுத்து இருண்டு கிடக்கிறது. வெள்ளை எழுத்தென்றால் எழுத்தும் ஒளிதெறிப்பில்தான் இருக்க வேண்டும். கண்ணாடி மணி பதித்த சாதாரண ரகத்தை விட நுண்பட்டகம் (மிகச் சின்ன முப்பட்டகங்கள்) உள்ள ரகம் கூடிய தூரத்துக்குத் தெரியும், விலையும் கூட. பெனர் துணி வேண்டவே வேண்டாம், எங்கள் வெயிலில் சிவப்புத்தான் முதலில் வெளிறும், சோழகக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

9. வரவேற்புப் பலகை

வழிகாட்டிப் பலகையில் விட முடியாத அழகை இதில் விடலாம், ஆனால் ஒரே ஒரு படம். குளமும் நெற்கதிரும் யானையும் பனையும் கோயிலும் எல்லாம் ஏற்றினால் பாடசாலைக் கண்காட்சி மாதிரி ஆகிவிடும். உங்கள் ஊரில் மட்டும் இருப்பது எது? குளக்கட்டின் வளைவு ஒரே கோட்டில் வந்தாலே ஊர்க்காரருக்கு விளங்கும்.

ஊர்ப் பெயர் பெரிதாக, "நல்வரவு" அதில் பாதி. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், நிதி தந்தவர் பெயர்கள் முன்பக்கத்தில் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவெடுங்கள். பிறகு சொன்னால் கோபிப்பார்கள். தூணின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு போதும்.

10. நடுவது

ஐப்பசி மழை தொடங்குமுன் நட்டு முடியுங்கள், கிடங்கில் தண்ணீர் ஏறினால் கொங்கிறீட் சரிவராது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இரண்டு தூண். தகட்டின் பின்னால் குறுக்குச் சட்டம் வையுங்கள். பெரிய தகடு காற்றில் பாய் மாதிரி. நட்ட அன்றிரவே நான்கு பக்கமும் வாகனத்தில் வந்து பாருங்கள்.

மாடுகளை மறந்துவிட்டேன். புதுத் தூண் என்றால் முதுகு சொறிய வரிசையில் வரும். எங்கள் பலகை மூன்றாம் கிழமையே கொஞ்சம் திரும்பி, துணுக்காய்க்குப் போகிற அம்பு யாரோ ஒருவரின் வயலைக் காட்டிக்கொண்டு நின்றது. இப்போது மாதம் ஒருமுறை ஸ்பனரோடு போய் நட்டுகளை இறுக்குவதும் என் வேலை.